கொறங்காட்டுச் சாளைக்கும் கரண்ட் போகிற வீட்டுக்கும் சின்ன சோலார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளகோவிலுக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, இருக்கிறது. அதில் ஒரு ஓட்டுச் சாளை (காட்டில் தங்குகிற சின்ன வீடு), ஒரு ஆட்டுப்பட்டி. மின்வாரிய லைன் கிடையாது. 2012-இல் கொங்குப் பக்கம் பகலென்றும் இரவென்றும் பாராமல் கரண்ட் போய்க்கொண்டிருந்தபோது, லைன் இருந்த வீடுகளே இருட்டில்தான் கிடந்தன. அந்த வருஷம்தான் முதல் 100 வாட் பேனலை வாங்கிச் சாளைமேல் ஏற்றினேன். அதைப் பார்த்துவிட்டுப் பங்காளிகளும் ஒறம்பரைகளும் கேட்க ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நின்றபாடில்லை. திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கூரை முழுக்கப் பேனல் போட்டு மின்வாரியத்துக்குக் கொடுக்கிற பெரிய கணக்கு இதில் இல்லை. ஒரு பேனல், இரண்டு பேனல், ஒரு பேட்டரி, அவ்வளவுதான்.

எத்தனை வாட் பேனல் வாங்க வேண்டும்?

கடைக்குப் போய் முதலில் கேட்கக் கூடாத கேள்வி இதுதான். கடைக்காரர் கையில் எது மிச்சமிருக்கிறதோ அதுதான் பதிலாக வரும். ராத்திரிக்கு எவ்வளவு செலவு என்று வீட்டிலேயே எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பேனல் என்பது கிணற்றில் ஊத்து மாதிரி. பேட்டரி என்பது தொட்டி. ஊத்து எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்காமல் தொட்டியை மட்டும் பெரிதாகக் கட்டினால் அது என்றைக்கும் நிறையாது. நம் ஆட்கள் நிறையப் பேர் செய்வது இதுதான்: சின்ன பேனல், பெரிய பேட்டரி. பேட்டரி எப்போதும் அரைவயிற்றோடு கிடந்து, இரண்டு வருஷத்தில் செத்துப்போகிறது. அப்புறம் "சோலாரே ஆகாதுங்க" என்று ஊர் முழுக்கப் பேச்சு.

எங்கள் சாளைக் கணக்கைச் சொல்கிறேன். 9 வாட் எல்இடி பல்பு இரண்டு, ஐந்து மணி நேரம்: 90 வாட்-மணி. 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கிற புது வகை) ஒன்று, ராத்திரி படுக்கப்போகும்போது போட்டால் வெடியால (விடிகாலை) வரை ஒன்பது மணி நேரம்: 270. இரண்டு போன் சார்ஜ்: 30. மொத்தம் 390. ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட் என்பதால், இது 0.4 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஃபேன் மட்டும் பழைய 75 வாட் ஃபேனாக இருந்தால் அதுவே 675 ஆகிவிடும். ஆக, பேனலைப் பெரிதாக்குவதற்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள். அதுதான் மலிவு.

நம் பக்கம் தெளிந்த நாளில் 100 வாட் பேனல் ஒன்று, வயர், கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டி), பேட்டரி எல்லாவற்றிலும் போகிறது போக, 0.3 முதல் 0.4 யூனிட் வரை தரும். எங்கள் 390-க்கு 150 வாட் ஒட்டிக்கு ஒட்டி வரும். ஐப்பசி கார்த்திகையை நினைத்து 200 வாட்டாகப் போட்டுக்கொண்டேன். முதலில் வாங்கிய 100 வாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு 100 வாட். கோடையில் கொஞ்சம் வீணாகப் போகும், போகட்டும்.

100 வாட் என்று எழுதியிருக்கிறது, மத்தியானம் அளந்தால் 70, 80 தானே வருகிறது? ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. அந்த 100 வாட், பேனல் செல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் விழும்போது ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவு. சித்திரை மாத மத்தியானத்தில் ஓட்டின்மேல் இருக்கிற பேனல் 60, 65 டிகிரிக்குப் போகும். 25-க்கு மேலே போகிற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். கணக்குப் போட்டால் 15 சதவீதம் சூட்டிலேயே போய்விடுகிறது. வெயில் அதிகம் என்றால் கரண்ட் அதிகம் என்று நினைக்கிறோம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. தை மாசியில் காற்றும் குளிர்ச்சியுமாக, வானம் தெளிவாக இருக்கிற நாளில் அளந்து பாருங்கள், நல்ல கணக்கு காட்டும். பேனலைத் தகரத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காமல், அடியில் காற்றுப் போக நாலு விரல் இடமாவது விடுங்கள்.

சார்ஜ் கன்ட்ரோலரில் பிடபிள்யூஎம், எம்பிபிடி என்கிறார்களே, எதை வாங்குவது?

இதில் நான் ஏமாந்திருக்கிறேன். டவுனில் ஒரு கடையில் "பெரிய பேனல், நல்ல விலை" என்று 335 வாட் பேனல் ஒன்றைத் தந்தார்கள். கூடவே ஒரு சின்ன பிடபிள்யூஎம் கன்ட்ரோலர். பேட்டரி 12 வோல்ட். ஒரு மாதம் ஓடியது, ஆனால் பழைய 100 வாட் பேனலைவிடப் பெரிதாக ஒன்றும் கூடத் தரவில்லை. நானும் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், வயரைச் சந்தேகப்பட்டேன்.

விஷயம் இதுதான். 12 வோல்ட் பேட்டரிக்கென்று வருகிற சின்ன பேனல் 18 வோல்ட்டில் வேலை செய்யும். வீட்டுக்கூரைக்கென்று வருகிற 335 வாட் மாதிரியான பேனல் 38 வோல்ட்டில் வேலை செய்யும். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வெறும் சுவிட்ச் மாதிரி. பேனலின் வோல்ட்டேஜை அப்படியே பேட்டரி வோல்ட்டேஜுக்கு இழுத்து வைத்துவிடும். 38 வோல்ட் பேனலை 13 வோல்ட்டுக்கு இழுத்தால் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். மிச்சமெல்லாம் போச்சு. எம்பிபிடி என்பது அந்த 38 வோல்ட்டைக் குறைத்து, குறைத்த அளவுக்கு ஆம்பியரைக் கூட்டித் தருகிற கருவி. விலை கூடுதல்தான்.

ஆக, 100 வாட், 150 வாட் 12 வோல்ட் பேனல், 12 வோல்ட் பேட்டரி என்றால் பிடபிள்யூஎம் போதும். பெரிய பேனல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் எம்பிபிடி இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கும்போது பேனலின் பின்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கிற திறந்த நிலை வோல்ட்டேஜ் (Voc, பேனல் எதிலும் மாட்டாதபோது காட்டுவது) கன்ட்ரோலரின் அதிகபட்ச அளவுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாண்டினால் கன்ட்ரோலர் புகைந்துவிடும். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

பேட்டரி டியூபுலரா, லித்தியமா? பழைய கார் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறதே?

கார் பேட்டரி வேண்டாம். அது வண்டியைக் கிளப்ப இரண்டு நொடி பலமாகக் கொடுத்துவிட்டு உடனே நிறைந்துகொள்வதற்குச் செய்தது. ராத்திரி முழுக்க வடிய விட்டால் சில மாதத்தில் தீர்ந்துவிடும்.

டியூபுலர் பேட்டரி, அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற ஆசிட் பேட்டரி, நம் பக்கம் எல்லா ஊரிலும் கிடைக்கும், பழசைக் கொடுத்தால் எடைபோட்டு எடுத்துக்கொள்வார்கள், சரிபார்க்க ஆளும் இருக்கிறது. 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) என்றால் பெயருக்கு 1200 வாட்-மணி. ஆனால் பாதிக்குமேல் வடிய விடாமல் வைத்திருந்தால்தான் ஐந்து வருஷம் போலத் தாங்கும். எங்கள் 390 வாட்-மணிக்கு அது ஒன்றரை ராத்திரி. ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கெல்லாம் அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பேட்டரியில் வைத்தால் 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 11.8-க்குக் கீழே அடிக்கடி போனால் பேட்டரிக்கு ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரை ஊற்றிவிட்டு "ஆறே மாசத்துல போயிருச்சு" என்றவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். பேட்டரி இருக்கிற அறையில் காற்று ஓடட்டும், பக்கத்தில் பீடி பற்ற வைக்க வேண்டாம்.

லித்தியம் என்று கடையில் சொல்வதில் எல்எஃப்பி என்கிற இரும்பு-பாஸ்பேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், தூக்குவதற்கு நாலு ஆள் வேண்டாம். தினமும் ஏற்றி இறக்குகிற சாளைக்கு அதுதான் கடைசியில் மலிவு என்பது இப்போது என் கணக்கு. ஆனால் பழைய இன்வெர்ட்டரில் டியூபுலரைக் கழற்றிவிட்டு அப்படியே மாட்டக் கூடாது. சார்ஜ் வோல்ட்டேஜ் அமைப்பு வேறு. கன்ட்ரோலரிலோ இன்வெர்ட்டரிலோ லித்தியத்துக்கென்று தனி அமைப்பு இருக்க வேண்டும்.

திருப்பூரில் வீட்டில் இன்வெர்ட்டரும் 150 ஏஎச் பேட்டரியும் இருக்கிறது. ஒரு பேனல் மட்டும் சேர்த்தால் போதுமா?

சேர்க்கலாம். ஆனால் சேர்த்த பிறகு பேனல் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி.

சாதாரண இன்வெர்ட்டர், கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் லைனிலிருந்து பேட்டரியை நிரப்பி வைத்துவிடும். மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்கு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துகிறார்கள், அப்புறம் காற்று மழைக்கு அவ்வப்போது போகிறது. மற்ற நாளெல்லாம் பேட்டரி நிறைந்தே இருக்கும். நிறைந்த தொட்டிக்கு ஊத்து எதற்கு? பேனல் கூரையில் சும்மா வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும். "மாட்டிட்டேன், பில் குறையலையே" என்கிறவர்கள் வீட்டிலெல்லாம் இதுதான் நடக்கிறது.

இதற்கு, வெயில் இருக்கும்போது லைன் சார்ஜைத் தடுத்து, வீட்டு லோடைப் பேட்டரிக்கும் பேனலுக்கும் திருப்புகிற சோலார் இன்வெர்ட்டரோ, பழைய இன்வெர்ட்டரோடு சேர்க்கிற கன்வெர்ஷன் கருவியோ வேண்டும். 150 ஏஎச் பேட்டரிக்கு 200 முதல் 250 வாட் பேனல் பொருத்தம். சார்ஜ் 15 ஆம்பியரைச் சுற்றி இருக்கும், பேட்டரிக்கும் அதுதான் சுகம்.

சரி, பில் குறையுமா? 200 வாட் பேனல் நாளுக்கு 0.7 யூனிட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 42 யூனிட். தமிழ்நாட்டில் 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். நூற்றுக்குள் நிற்கிற வீட்டுக்கு மிச்சம் பூஜ்யம். மேலே போகிற வீட்டுக்குக்கூட, தினமும் பேட்டரியை ஏற்றி இறக்குவதில் அதன் ஆயுள் குறைகிற செலவைச் சேர்த்தால் பெரிய லாபம் நிற்காது. டவுன் வீட்டுக்குச் சின்ன பேனல், கரண்ட் நாள் முழுக்கப் போகிற அன்றைக்கு ஃபேன் நிற்காமல் இருப்பதற்காக. பில்லுக்காகப் போடாதீர்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

பக்கத்து வீட்டில் மானியத்தில் 3 கிலோவாட் போட்டிருக்கிறார்கள். கரண்ட் போனால் அவர்களுக்கும் போய்விடுகிறதே, ஏன்?

அது ஆன்-கிரிட். லைனோடு சேர்ந்து ஓடுகிற இன்வெர்ட்டர். லைனில் கரண்ட் நின்றதும் அதுவும் தானாக நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் கூரையிலிருந்து ஷாக் அடிக்கும். கொளுத்துகிற வெயிலில், கூரை முழுக்கப் பேனலை வைத்துக்கொண்டு விசிறி மட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் (லைனிலும் பேட்டரியிலும் ஓடுவது) பேட்டரியும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

மானியம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய். அது லைனோடு சேர்த்த வீட்டுக்கூரைக்கு மட்டும். நம் சாளைப் பேனலுக்கு இல்லை.

எந்தத் திசையில், எவ்வளவு சாய்வாக வைப்பது?

தெற்குப் பார்த்து. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் எல்லாம் 11 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிற ஊர்கள். 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். கோணமானி தேட வேண்டாம்: பேனலின் நீளத்தில் ஒரு மீட்டருக்கு வடபக்கத்தை ஒரு சாண் தூக்குங்கள், சரியாக வரும். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி தொடக்கம் வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அதற்காக மாசத்துக்கு ஒருமுறை திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முழுக்கப் படுக்க வைப்பது மட்டும் தப்பு. மழைத் தண்ணீரும் தூசியும் கீழ் ஓரத்தில் தங்கிக் கறை கட்டும்.

சாய்வைவிட நிழல்தான் பெரிய விஷயம், அதுவும் தென்னைக்குள் சாளை வைத்திருக்கிற பொள்ளாச்சி, உடுமலை ஆட்களுக்கு. 12 வோல்ட் பேனலில் 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒரு செல்மேல் மட்டை நிழல் விழுந்தால் அந்தப் பாதியே விலகிக்கொள்ளும். மிச்சப் பாதியில் 9 வோல்ட் வரும். 9 வோல்ட்டால் 12 வோல்ட் பேட்டரிக்குள் ஒரு சொட்டுக்கூட ஏற்ற முடியாது. ஒரு கை அகல நிழல், மொத்தமும் நின்றது. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை நிழல் படாத இடம் சாளைக்கூரையில் இல்லையென்றால், களத்து மேட்டில் ஒரு கம்பம் நட்டு அங்கே வையுங்கள்.

களத்து மேட்டிலிருந்து சாளைக்கு வயர் இழுத்தால் போதுமா?

எந்த வயர் என்பதைப் பொறுத்தது. வீட்டு 230 வோல்ட்டில் 120 வாட் என்றால் அரை ஆம்பியர் ஓடும். 12 வோல்ட்டில் அதே 120 வாட்டுக்கு 10 ஆம்பியர். 15 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் போட்டால், போகவர 30 மீட்டரில் 2 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே விழுந்துவிடும். 12-இல் 2 என்பது ஆறில் ஒரு பங்கு. 6 ஸ்கொயர் போட்டால் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. வயரில் மிச்சம் பிடித்த காசு தினமும் வெயிலில் கரைகிறது.

பேட்டரியைக் கன்ட்ரோலருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ். எலி வயரைக் கடித்து ஷார்ட் ஆனால் சாளையைக் காப்பாற்றுவது அந்த ஃபியூஸ்தான். பேனல் பக்கத்துக்கு டிசி-க்கென்று (நேர்மின்னோட்டம்) வருகிற எம்சிபி (தானாக விழுகிற சுவிட்ச்) வேண்டும். வீட்டு ஏசி எம்சிபியால் டிசி தீப்பொறியை அணைக்க முடியாது. நல்ல வயர்மேன்களே இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கிணற்று மோட்டார், கிரைண்டர், ஃபிரிட்ஜ் ஓடுமா?

மோட்டார் ஓடாது. 5 எச்பி என்றால் 3,700 வாட்டுக்கு மேல். அதற்கு 540 வாட் பேனல் ஒன்பது போல வேண்டும். பிஎம் குசும் திட்டத்தில் வேளாண் பொறியியல் துறை மூலமாக மானியத்தில் சோலார் பம்ப்செட் வாங்குகிற வழி இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான். கிளம்பும்போது மூன்று நாலு மடங்கு இழுக்கும். 850 விஏ இன்வெர்ட்டர் தாங்கும். 750 வாட் மிக்ஸி போட்டால் அதே இன்வெர்ட்டர் கத்திக்கொண்டு நிற்கும். ஃபிரிட்ஜுக்கு நாளுக்கு ஒரு யூனிட் வரை ஒதுக்க வேண்டும், அது இந்தச் சின்ன கணக்கைத் தாண்டியது. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாளைக்கு மட்டும் என்றால் இன்வெர்ட்டரே இல்லாமல் 12 வோல்ட் பல்பும் 12 வோல்ட் ஃபேனும் போடுவது என் பழக்கம். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 10, 15 வாட் தின்னும். நாள் முழுக்கச் சேர்த்தால் அது ஒரு ஃபேனின் ராத்திரிச் செலவு.

காட்டோரத் தோட்டத்துக்கு அந்தப் பேட்டரியிலிருந்தே வேலிக்குக் கரண்ட் கொடுக்கலாமா?

சத்தியமங்கலம், தடாகம், ஆனைமலைப் பக்கத்து ஆட்கள் கேட்பது. இன்வெர்ட்டரிலிருந்தோ லைனிலிருந்தோ வேலிக்கு நேராகக் கரண்ட் கொடுப்பது குற்றம். யானையும் சாகும், தண்ணீர் கட்டப் போகிற ஆளும் சாவான். வேலிக்கென்று எனர்ஜைசர் என்ற தனிப் பெட்டி இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், நொடிக்கு ஒருமுறை போலக் கண் இமைப்பதற்குள் முடிகிற ஒரு தட்டு. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஆளைக் கொல்லாது, விரட்டும். தமிழ்நாடு அரசு 2023-இல் மின்வேலிகளுக்குத் தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது. வனத்துறையில் கேட்டு, அனுமதியோடு போடுங்கள். மழைக்குப் பிறகு புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் தட்டு மண்ணுக்குள் போய்விடும், வெட்டிவிட வேண்டும்.

ஆடிக் காற்றுக்குப் பேனல் நிற்குமா?

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். அதே காற்றுதான் நம் பேனலுக்கு அடியிலும் புகும். 540 வாட் பேனல் ஒன்று இரண்டரை சதுர மீட்டர், பாய்மரம் மாதிரி. கட்டுக்கம்பியால் கட்டாதீர்கள். ஜிஐ ஆங்கிள் சட்டம், ஓட்டு வீடென்றால் கைமரத்தோடு சேர்த்து போல்ட். சிமென்ட் ஷீட்மேல் ஏறி நடக்கவே வேண்டாம், உடைந்து விழுந்தவர்கள் உண்டு. மொட்டை மாடியில் தளத்தைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டைகளில் சட்டத்தைப் பதியுங்கள். சட்டத்துக்கு எர்த் கொடுங்கள். பெரிய இடி வருகிற சாயங்காலம் பேனல் எம்சிபியை இறக்கிவிடுவேன். திருடர்கள் மோட்டார் கேபிளையே அறுத்துக்கொண்டு போகிற காலம். போல்ட் தலையை வெல்டிங் வைத்துவிட்டால் பேனல் தங்கும்.

எப்படித் துடைப்பது? மயில் தொல்லைக்கு என்ன செய்வது?

வெடியால, பேனல் குளிர்ந்திருக்கும்போது துடைக்க வேண்டும். மத்தியானம் கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். நம் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும், வருஷம் போகப் போக அது போகவே போகாது. மழைத் தண்ணீர் ஒரு குடம் பிடித்து வைத்தால் நல்லது. இல்லையென்றால் போர் தண்ணீரை ஊற்றிய கையோடு துணியால் உலரத் துடைத்துவிடுங்கள். சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனிலிருந்து வருகிற பஞ்சு, பொள்ளாச்சியில் தென்னைநார்த் தூசி, நாமக்கல்லில் கோழிப்பண்ணைப் புழுதி என்று ஊருக்கு ஒன்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும், பஞ்சு ஊர்களில் வாரம் ஒருமுறை.

மயிலுக்கு நான் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. சிடி தட்டு கட்டினேன், பளபள ரிப்பன் கட்டினேன். இரண்டு நாள் பயந்தது, மூன்றாம் நாள் ரிப்பனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. அது தேடுவது அக்கம்பக்கத்தில் உயரமான இடம். அதனால் பேனலுக்கு வடக்கே, அதைவிட ஒரு முழம் உயரமாக ஒரு மூங்கிலை நட்டு, மேலே குறுக்குக் கட்டை வைத்தேன். வடக்கே என்பதால் நிழல் விழாது; ஆனி மாதம் மட்டும் கொஞ்சம் தொடும். இப்போது பாதி நாள் மயில் கட்டையில் உட்காருகிறது. மீதி நாள் துடைக்கிறேன்.